20,000 ரூபாய்க்குள் ஒரு டெலி ஜூம்: வாங்கும்முன் போடவேண்டிய கணக்கு

சென்னையில் மேடவாக்கம் பக்கம் குடியிருந்து கையில் ஒரு கேமராவும் இருந்தால், பெரும்பாக்கம் ஏரிக்குப் போகாமல் இருக்க முடியாது. போனால் கரையோரம் நீலத் தாழைக்கோழி நடந்துகொண்டிருக்கும். கேமராவோடு வந்த 18-55 லென்ஸில் அதை எடுத்தால், படம் முழுக்கக் கோரைப்புல்லும் நடுவே ஒரு நீலப் புள்ளியும் கிடைக்கும். அந்தப் புள்ளியைப் பார்த்த அன்றைக்கே, தூரத்தில் இருப்பதை அருகே இழுத்துக் காட்டும் பெரிய லென்ஸ் (அதுதான் டெலி ஜூம்) மேல் ஆசை வந்துவிடும். நான் பறவைப் படம் எடுப்பேன் என்று தெரிந்த சக ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான்: "டீச்சர், 250 போதுமா, 300 வாங்கணுமா, இல்ல கடன் வாங்கியாவது 600-க்குப் போயிடலாமா?"

அந்த எண்கள் லென்ஸின் குவியத்தூரம், மில்லிமீட்டரில்; எண் ஏற ஏறப் பறவை பெரிதாகத் தெரியும். நான் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். அதனால் திருப்பி இரண்டு கேள்வி கேட்பேன். எதை எடுக்கப்போகிறீர்கள்? அது எவ்வளவு தூரத்தில் இருக்கும்? இந்த இரண்டுக்கும் விடை இல்லாமல் லென்ஸ் கடைக்குப் போனால், கடைக்காரர் எதை விற்க நினைக்கிறாரோ அதைத்தான் வாங்கி வருவோம்.

பழைய படமே போதும்

கணக்கு சுலபம். வடிவொத்த முக்கோணங்கள் நினைவிருக்கிறதா? பறவையின் நீளத்தை லென்ஸின் குவியத்தூரத்தால் பெருக்கி, தூரத்தால் வகுத்தால், சென்சார் (கேமராவுக்குள் படம் பதியும் தகடு) மேல் பறவை எத்தனை மில்லிமீட்டர் விழும் என்று வந்துவிடும். வெண்மார்பு மீன்கொத்தி சுமார் 28 செ.மீ., அதாவது 280 மி.மீ. அது 15 மீட்டர் தள்ளி ஒரு கம்பியில் உட்கார்ந்திருக்கிறது. 250 மி.மீ. லென்ஸில் 280 × 250 ÷ 15,000 என்று போட்டால் 4.7 மி.மீ. வருகிறது. என்னிடம் இருப்பது கேனன் 200டி. அதன் சென்சார் 22.3 மி.மீ. அகலம். படத்தின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குப் பறவை வரும். படம் 6,000 பிக்சல் அகலம் என்பதால், பறவைக்கு ஏறத்தாழ 1,250 பிக்சல் கிடைக்கும். சாதாரணமான ஒரு செல்போன் திரை 1,080 பிக்சல் அகலம். படத்தை வெட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மீன்கொத்தி திரையை நிறைத்து உட்கார்ந்திருக்கும்.

தூரத்தை அளக்க முடியவில்லையா? அதற்கும் வழி உண்டு. நீங்கள் 55 மி.மீ.-இல் எடுத்து ஏமாந்த பழைய படத்தைக் கணினியில் திறந்து, பறவை எத்தனை பிக்சல் நீளம் இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். 150 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். அதே இடத்தில் நின்று 250-இல் எடுத்தால் 680 வரும். 300-இல் 820. 600-இல் 1,640. நீங்கள் வழக்கமாகப் போகும் இடம், வழக்கமாக நிற்கும் கரை, வழக்கமாகப் பார்க்கும் பறவை எல்லாமே இந்தக் கணக்குக்குள் வந்துவிடும். இதற்குமேல் யாருடைய அறிவுரையும் தேவையில்லை, என்னுடையது உட்பட.

இந்தக் கணக்கைப் போட்டால் இன்னொன்றும் தெரியவரும். 250-க்கும் 300-க்கும் உள்ள வித்தியாசம் 20 சதவீதம்தான். 15 மீட்டரில் இருக்கும் பறவையை 300 காட்டுவதுபோல் 250 காட்டவேண்டும் என்றால், நீங்கள் இரண்டரை மீட்டர் முன்னால் போனால் போதும். மூன்று நான்கு காலடி எடுத்துவைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் 600-க்கு ஈடாக 250-ஐ வைத்து எடுக்க வேண்டும் என்றால் 6 மீட்டருக்கு நெருங்க வேண்டும். மீன்கொத்தி அதற்கு ஒத்துக்கொள்ளாது. ஆகவே 250-ஆ 300-ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டில் எது நல்ல லென்ஸோ அதை வாங்குங்கள். 600 வேறு உலகம். சிக்மா, டாம்ரான் நிறுவனங்களின் 150-600 லென்ஸ்கள் இரண்டு கிலோவை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். விலையும் நம் கணக்கில் அடங்காது. காலை ஆறு மணிக்கு ஏரியைச் சுற்றிவிட்டு எட்டரைக்குள் பள்ளிக்கூடம் போய்ச் சேரவேண்டிய எனக்கு, 375 கிராம் லென்ஸ் கைப்பையில் இருந்தால்தான் தினமும் கூட வரும்.

பழவேற்காட்டுக்குப் பூநாரை பார்க்கப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. பறவை 200 மீட்டர் தள்ளி நின்றால், ஒன்றரை மீட்டருக்குச் சற்றே குறைந்த அந்த உயரமும் 250-இல் 500 பிக்சலுக்குள் அடங்கிவிடும். 600 வாங்கினாலும் ஆயிரத்து இருநூறு வரைதான் போகும். அதோடு பத்து மணிக்கு மேல் தண்ணீருக்கு மேலே காற்று நெளிய ஆரம்பித்துவிடும். அந்த நெளிவில் எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸாலும் கூர்மையான படம் எடுக்க முடியாது. பள்ளிக்கரணையிலும் இதே கதைதான். நண்பகலில் எடுத்த படத்தை வைத்து லென்ஸைத் திட்டுபவர்கள், அதே லென்ஸைக் காலையில் ஒருமுறை முயன்று பார்க்கலாம்.

பறவை வேண்டாம், பிள்ளையின் விளையாட்டு விழாதான் முக்கியம் என்றால் கணக்கு இன்னும் சுலபம். ஒன்றரை மீட்டர் உயரப் பிள்ளை 30 மீட்டரில் ஓடினால், 250-இல் படத்தின் உயரத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிறைந்துவிடும். அதற்குமேல் போனால் கால் வெட்டுப்படும். ஆனால் ஆண்டு விழா மேடை நடனத்துக்கு இந்த வகை லென்ஸை நம்பாதீர்கள். அங்கே பிரச்சினை தூரமே இல்லை, வெளிச்சம். 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு முன்வரிசையில் இடம் பிடியுங்கள். எஃப் எண் குறையக் குறைய ஒளி கூடும்; டெலி ஜூமின் எஃப் 5.6-ஐவிட ஏறக்குறைய பத்து மடங்கு ஒளி உள்ளே வரும்.

எஃப் எண் ஏன் இவ்வளவு இருட்டு?

மலிவான டெலி ஜூம் எல்லாமே நீண்ட முனையில் எஃப் 5.6 அல்லது 6.3-தான் இருக்கும். இதை ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம். குவியத்தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால், ஒளி நுழையும் வாயின் விட்டம் கிடைக்கும். 250 ÷ 5.6 என்றால் 45 மி.மீ. அதற்கேற்ற கண்ணாடி, அதற்கேற்ற 58 மி.மீ. ஃபில்டர், அதற்கேற்ற விலை. 300 மி.மீ. எஃப் 2.8 வேண்டுமென்றால் முன்னால் 107 மி.மீ. அகலத்துக்குக் குறையாத கண்ணாடி வேண்டும். லட்சக்கணக்கில் விலை ஏறுவது இந்தக் கண்ணாடியால்தான்.

நல்ல வெயிலில் எஃப் 5.6, ஐஎஸ்ஓ (சென்சார் ஒளியை உணரும் அளவு) 400 வைத்தால் ஷட்டர் வேகம் 1/3,000 வினாடி பக்கம் கிடைக்கும். பறக்கும் கொக்குக்கே அது தாராளம். மரத்தடி நிழலிலோ விடிந்தும் விடியாத நேரத்திலோ அதே அமைப்பில் 1/200-க்கு இறங்கிவிடும். அப்போது ஐஎஸ்ஓவை 1,600-க்கு ஏற்றுங்கள், கூச்சப்படாதீர்கள். மணல் தூவியதுபோல் கொஞ்சம் புள்ளி விழுந்தாலும் கண் தெரியும் படம், வழுவழுப்பான கலங்கலைவிட நல்லது.

இது இல்லாத லென்ஸ் வேண்டவே வேண்டாம்

கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி லென்ஸில் இருந்தே ஆகவேண்டும். கேனனில் இதன் பெயர் ஐஎஸ், நிக்கானில் விஆர், சோனியில் ஓஎஸ்எஸ், டாம்ரானில் விசி. கையில் பிடித்து எடுக்கும்போது, குவியத்தூரத்தை கேமராவின் பெருக்கு எண்ணால் (சிறிய சென்சார் காட்சியைப் பெரிதாக்கிக் காட்டும் அளவு; என் கேனனில் 1.6) பெருக்கி, அதற்குக் குறையாத ஷட்டர் வேகம் வைக்க வேண்டும் என்பது பழைய விதி. 250-ஐ 1.6-ஆல் பெருக்கினால் 400, ஆக 1/400. ஐஎஸ் இருந்தால் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பறவையை 1/60-இல்கூட எடுக்கலாம். பறவையே தலையை ஆட்டினால் ஐஎஸ்ஸால் ஒன்றும் செய்ய முடியாது. அங்கே வேகம் மட்டும்தான் மருந்து.

இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. கேனன் 75-300 எஃப் 4-5.6 III என்று ஒரு லென்ஸ் உண்டு. 1999-இல் வந்தது. பல கடைகளில் கேமராவோடு சேர்த்து "டபுள் ஜூம்" என்று கட்டிக் கொடுப்பார்கள். 300 என்ற எண்ணைப் பார்த்ததும் கை தானாகப் போகும். அதில் ஐஎஸ் கிடையாது. 300 முனையில் படம் மெத்தென்று இருக்கும். ஒன்றரை மீட்டருக்குள் வந்தால் ஃபோகஸும் ஆகாது. 2013-இல் வந்த 55-250 ஐஎஸ் எஸ்டிஎம் (எஸ்டிஎம் என்பது சத்தமில்லாத ஃபோகஸ் மோட்டார்) எல்லா வகையிலும் அதைவிட மேல். எடையும் நூறு கிராம் குறைவு. 85 செ.மீ. வரை நெருங்கி ஃபோகஸ் செய்யும். அந்த நெருக்கத்தில் 8 செ.மீ. அகலமான பொருள் படத்தை நிறைத்துவிடும். பறவை வராத நாளில் அரளிச் செடியில் உட்கார்ந்த வண்ணத்துப்பூச்சியை எடுத்துக்கொண்டு வீடு திரும்பலாம். எனக்கு இந்த லென்ஸ் மேல் கொஞ்சம் பாசம் அதிகம்தான், மறைக்கவில்லை.

இதே 55-250-இல் எஸ்டிஎம் என்று போடாத இரண்டு பழைய வடிவங்களும் சந்தையில் உலவுகின்றன. படத்தரம் பரவாயில்லை. ஆனால் ஃபோகஸ் மெதுவாக, சத்தத்தோடு நடக்கும், முன்பக்கமும் சேர்ந்து சுழலும். விலை ரொம்பக் குறைவாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

நிக்கான்காரர்கள் இரண்டு முறை படிக்கவும்

நிக்கான் பக்கம் நல்ல லென்ஸ், ஏஎஃப்-பி டிஎக்ஸ் 70-300 எஃப் 4.5-6.3 விஆர். 2016-இல் வந்தது, 415 கிராம், ஃபோகஸ் சத்தமே இல்லாமல் பாயும். ஆனால் இதை எல்லா நிக்கான் கேமராவிலும் மாட்ட முடியாது. மாட்டலாம், வேலை செய்யாது. டி3100, டி3200, டி5100, டி7000, டி90 போன்ற பழைய கேமரா உடல்களில் ஆட்டோஃபோகஸ் மட்டுமல்ல, கையால் சுற்றினாலும் ஃபோகஸ் ஆகாது; அந்த வளையமே மின்சாரத்தில் இயங்குவது. டி3300, டி5300 வைத்திருப்பவர்கள் கேமராவின் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். டி3400, டி3500, டி5600 இருந்தால் கவலையில்லை.

இதே லென்ஸ் விஆர் இல்லாமலும் வருகிறது. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். விஆர் இருக்கும் லென்ஸிலும் அதற்கென்று பொத்தான் எதுவும் இல்லை. உடம்பில் அச்சடித்திருக்கும் பெயரை முழுசாகப் படித்து, கடைசியில் விஆர் என்று இருக்கிறதா என்று பார்த்தபிறகு பணத்தை எடுங்கள்.

பழைய உடல் வைத்திருப்பவர்கள் ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 55-200 விஆர் அல்லது 55-300 விஆர் தேடலாம். முன்னது சின்னது, லேசானது. பின்னது 530 கிராம், ஃபோகஸ் சோம்பேறி. இன்னும் ஒன்று: டி3000 வரிசையிலும் டி5000 வரிசையிலும் கேமராவுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி என்று தொடங்காத பழைய நிக்கான் லென்ஸ்களும், மோட்டார் இல்லாத பழைய டாம்ரான் 70-300-உம் இவற்றில் கையால்தான் ஃபோகஸ் ஆகும். "நிக்கான் மவுண்ட்தான் சார், மாட்டிப் பாருங்க" என்று யாராவது சொன்னால், மாட்டுவதோடு நிறுத்தாமல் ஷட்டரைப் பாதி அழுத்தியும் பாருங்கள்.

மற்றவர்களுக்குச் சுருக்கமாக. சோனி ஏ6000, ஏ6400 வைத்திருந்தால் 55-210 ஓஎஸ்எஸ் பழையதாக வாங்குங்கள், 345 கிராம்தான். டாம்ரானின் 70-300 ஆர்எக்ஸ்டி படத்தரத்தில் அதைவிட மேல், ஆனால் அதற்குள் நடுக்கத் தடுப்பு இல்லை, மேற்சொன்ன கேமராக்களுக்குள்ளும் இல்லை. கேனன் ஆர்50, ஆர்10 வாங்கியவர்கள் அடாப்டர் போட்டு அதே 55-250 எஸ்டிஎம்-ஐ மாட்டலாம், நன்றாகவே வேலை செய்யும். பின்னாளில் கை கொஞ்சம் தாராளமானால் ஆர்எஃப் 100-400 எஃப் 5.6-8 வாங்கலாம். 400 மி.மீ. லென்ஸ் 635 கிராமில் கிடைப்பது பெரிய விஷயம். அந்த எஃப் 8-தான் அதற்குக் கொடுக்கும் விலை.

பழையது வாங்கும்போது

20,000-க்குள் என்று முடிவு செய்துவிட்டால் பழைய லென்ஸைப் பார்த்தே ஆகவேண்டும். பயப்பட ஒன்றுமில்லை. கேமராபோல் லென்ஸ் சீக்கிரம் பழசாகாது. ஆனால் நம் ஊர் ஈரப்பதத்தில் அதற்கு ஒரு எதிரி உண்டு: பூஞ்சை.

விற்பவரைப் பகலில் சந்தியுங்கள். உங்கள் கேமராவையும் ஒரு சின்ன டார்ச்சையும் எடுத்துப்போங்கள். லென்ஸைக் கழற்றி, இரண்டு மூடியையும் எடுத்துவிட்டு, பின்பக்கமிருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். அப்புறம் திருப்பிப் பிடித்தும் ஒருமுறை. கேனன் லென்ஸில் உள்ளே இருக்கும் இதழ்கள் திறந்தே இருக்கும். நிக்கானில் மூடியிருக்கும், பின்னால் இருக்கும் சின்ன நெம்புகோலை விரலால் தள்ளிப் பிடித்துக்கொள்ள வேண்டும். தூசி நான்கைந்து இருந்தால் பரவாயில்லை, எல்லா ஜூமிலும் இருக்கும், படத்தில் தெரியாது. விளிம்பிலிருந்து நூல் நூலாகக் கிளை விட்டுப் பரவுவது தெரிந்தால் அது பூஞ்சை. "லேசாத்தான் இருக்கு, கிளீன் பண்ணிடலாம்" என்பார்கள். இந்த விலை லென்ஸைப் பிரித்துச் சுத்தம் செய்யும் கூலிக்கு இன்னொரு லென்ஸே வாங்கிவிடலாம். வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். முன் கண்ணாடியில் ஒரு மெல்லிய கீறல் இருப்பதை நான் பொருட்படுத்த மாட்டேன், விலையைக் குறைக்க அது ஒரு சாக்கு. பின் கண்ணாடியில் கீறல் இருந்தால் மட்டும் வேண்டாம்.

இப்போது கேமராவில் மாட்டுங்கள். ஜூமை முழுசாகச் சுற்றுங்கள். நடுவில் இறுகவோ கரகரக்கவோ கூடாது. ஷட்டரைப் பாதி அழுத்தினால் வ்யூஃபைண்டரில் ஆடிக்கொண்டிருந்த காட்சி சட்டென்று நிதானமாக வேண்டும். ஆகவில்லை என்றால் ஐஎஸ் போய்விட்டது. பக்கத்தில் ஒன்று, தூரத்தில் ஒன்று என்று மாற்றி மாற்றி ஃபோகஸ் செய்து பாருங்கள்.

கடைசிச் சோதனைதான் முக்கியம், இதைத்தான் யாரும் செய்வதில்லை. தூரத்து மாடியில் எழுத்து போட்ட தண்ணீர்த் தொட்டி ஒன்று நிச்சயம் இருக்கும். லென்ஸை நீண்ட முனையில், அபர்ச்சரை (ஒளி நுழையும் வாயை) முழுசாகத் திறந்து, ஷட்டர் வேகத்தை 1/1,000-க்கு வைத்து, அந்த எழுத்தைப் படத்தின் நடுவில் வைத்து ஒன்று எடுங்கள். பிறகு அதே எழுத்தை நான்கு மூலைக்கும் கொண்டுபோய் ஒவ்வொன்று. ஒவ்வொரு முறையும் எழுத்து மேலேயே ஃபோகஸ் இருக்கட்டும். கேமரா திரையில் பெரிதாக்கிப் பார்த்தால், மூலைகள் நடுவைவிடக் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும், அது இயல்பு. மூன்று மூலை ஒரு மாதிரியும் ஒரு மூலை மட்டும் குழம்பியும் இருந்தால், லென்ஸ் எங்கேயோ கீழே விழுந்து உள் கண்ணாடி நகர்ந்திருக்கிறது. வெளியே அடிபட்ட தடயமே இருக்காது.

வீட்டுக்கு வந்தபின்

லென்ஸை அதன் தோல் பையிலோ, பீரோவில் புடவைகளுக்கு நடுவிலோ வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதில் ஒரு கைப்பிடி சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று. 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருந்தால் சரி. நீல நிற ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் வாணலியில் மெல்லிய சூட்டில் வறுத்து எடுத்து, ஆறியதும் திரும்பப் போடலாம். அந்த வாணலியைப் பிறகு சமையலுக்குப் பயன்படுத்தாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதை அடிக்கடி செய்ய வேண்டிவரும். லென்ஸை வெளியே எடுத்து வெயில் படாத வெளிச்சத்தில் அவ்வப்போது பயன்படுத்துவதும் நல்லதுதான்.

கேமரா அமைப்பில் நான் தொடங்கச் சொல்வது இது: ஷட்டர் முன்னுரிமை, உட்கார்ந்த பறவைக்கு 1/500, பறப்பதற்கு 1/1,600, ஐஎஸ்ஓ தானியங்கி, நடு ஃபோகஸ் புள்ளி ஒன்று மட்டும். புள்ளி பறவையின் கண்ணில் இருக்கட்டும். நிலா எடுக்க ஆசைப்பட்டால், 250-இல் அது படத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்குதான் வரும், சுமார் 600 பிக்சல். எஃப் 8, ஐஎஸ்ஓ 100, 1/200-இல் தொடங்குங்கள். பௌர்ணமியைவிட அஷ்டமி நிலாவில்தான் பள்ளங்களின் நிழல் நன்றாக விழும்.

லென்ஸ் வாங்கும்போது கடையில் யூவி ஃபில்டர் ஒன்றையும் சேர்த்துத் தள்ளப் பார்ப்பார்கள். மலிவான ஃபில்டரை நீண்ட லென்ஸ் முன் மாட்டினால் இருக்கிற கூர்மையும் போய்விடும். அந்தக் காசில் ஹூட் (லென்ஸின் முன்னால் மாட்டும் குழல் போன்ற மறைப்பு) வாங்குங்கள். எதிர் வெயிலையும் தடுக்கும், இடித்துக்கொண்டால் அடியையும் தாங்கும். கேனன் 55-250 எஸ்டிஎம் பெட்டியில் ஹூட் வராது, தனியாகத்தான் வாங்கவேண்டும். அதன் எண் ஈடி-63. ஈடி-60 கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அது பழைய 55-250-க்கும் 75-300-க்கும் உரியது.